சாக்கு ஊசி தைத்த நாவல்கள்

பொன்னியின் செல்வனைக் கடையில் ஐந்து பாகமாக வாங்கிப் படித்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான். கதை முழுக்கக் கிடைத்திருக்கும், அதில் குறையில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை அது ‘கல்கி’யில் வாராவாரம் வந்தபோது மணியம் போட்ட படங்கள் பல மலிவுப் பதிப்புகளில் கிடையாது. ஒரு வாரம் முழுக்க வாசகரைக் காக்கவைத்த இடம் எது என்பதும் புத்தகத்தில் தெரியாது. அதெல்லாம் தெரிய வேண்டுமானால் பைண்டு வால்யூம் வேண்டும். அச்சகமோ பதிப்பகமோ போட்டதைச் சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் கிழித்துச் சேர்த்துத் தைத்துவைத்த பைண்டைச் சொல்கிறேன்.

எங்கள் உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர் வாயில் வருவது குடவோலைத் தேர்தல். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919லும் 921லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள். யார் பெயரை ஓலையில் எழுதலாம், கணக்குக் காட்டாதவன் பெயரை ஏன் எழுதக்கூடாது, அவனுடைய உறவுக்காரர்களில் யார் யாருக்கு விலக்கு என்றெல்லாம் அவ்வளவு நுணுக்கம். அந்த நுணுக்கத்துக்குக் கொஞ்சமும் குறையாத ஒழுங்கை இந்தப் பக்கத்து ஓட்டு வீடுகளின் பரணில் கிடக்கும் வால்யூம்களிலும் பார்க்கலாம். கல்லைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். பரணை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்படித் தொடரைச் சேர்த்துத் தைப்பது சாமானிய வேலை இல்லை. பத்திரிகை வந்தவுடன் கிழித்துவிட முடியாது. அது அக்கம்பக்கத்து வீடுகளைச் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும். பிறகு கம்பிப் பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தி, நடு மடிப்புக் கிழியாமல் தாளைக் கழற்ற வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒரு தொடர் முடிகிற பக்கத்தின் பின்னாலேயே இன்னொரு தொடர் தொடங்கும். இரண்டையும் சேர்க்கிறவர் ஒன்றைத் தியாகம் செய்யவேண்டும், அல்லது “அக்கா, போன வாரத்துப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கா?” என்று இன்னொரு பிரதிக்கு அலையவேண்டும். எந்தக் கதை தங்க வேண்டும், எது பொட்டலம் கட்டப் போகலாம் என்று அங்கே ஒரு விமர்சகர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்ப்பு எந்த இலக்கிய வரலாற்றிலும் ஏறவில்லை.

தைப்பதற்குச் சாக்கு ஊசியும் முறுக்கு நூலும். ஒட்டுவதற்கு மைதா காய்ச்சிய பசை. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி வராது. முதுகுக்குக் காலிகோ துணி, கிடைக்காத வீட்டில் பழைய புடவைத் துண்டு. மேலட்டையில் அந்தத் தொடரின் படங்களிலேயே மனசுக்குப் பிடித்த ஒன்று. சிலர் இதையெல்லாம் கடையில் கொடுத்துப் பைண்டு போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அது லட்சணமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் வீட்டுத் தையலுக்குத்தான் முதல் இடம். கடைக்காரர் மூன்று பக்கமும் மிஷினில் வெட்டிச் சமன் செய்துவிடுவார். பக்க எண் போகும், ஓவியரின் கையெழுத்துப் பாதி போகும். வீட்டு வால்யூம் ஓரம் ஏறி இறங்கி இருந்தாலும் தாள் அப்படியே இருக்கும்.

நல்ல வால்யூம் எது என்று எனக்கொரு அளவுகோல் உண்டு. விட்டுப்போன வாரத்தை என்ன செய்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். சும்மா தாண்டிப் போனவர் வாசகர், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு வெற்றுத்தாள் வைத்துத் தேதி குறித்தவர் சேகரிப்பாளர். கடன் வாங்கிய பிரதியைப் பார்த்துக் கோடு போட்ட நோட்டுத்தாளில் முழு அத்தியாயத்தையும் கையால் எழுதி நடுவில் சேர்த்துத் தைத்தவரை என்ன சொல்வது? ஏடு பெயர்த்து எழுதியவர்களின் வரிசையில் அவரைச் சேர்க்க எனக்குத் தயக்கமே இல்லை.

‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாளைக் கோபுலுவின் படங்களோடு பார்த்தவர்களுக்குக் கதாநாயகன் சண்முகசுந்தரத்தின் முகம் சிவாஜி கணேசனுடையது அல்ல. 1968இல் படம் வருவதற்கு முன்பே அந்த முகத்தைக் கோபுலு வரைந்து முடித்துவிட்டார். கதைக்கு நடுவே அமிர்தாஞ்சன் மாதிரி விளம்பரங்கள், பக்கத்தின் அடியில் ஒரு துணுக்கு, ஓரத்தில் பென்சிலில் பால் கணக்கு. ஒரு காலத்தில் ஒரு வீடு எப்படிப் படித்தது என்று ஆராய வருகிறவருக்கு இவ்வளவும் வேண்டும்.

இப்படி மலிவான தாளை மதித்த பெண்கள் நம் ஊரில் மட்டும் இருந்தார்கள் என்றில்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் உல்ஃப்ரஸ்டன் என்ற பெண்மணி நாடகங்களையும் சில்லறைக் கதைப் பிரசுரங்களையும் வாங்கி வாங்கி, தன் பெயரை எழுதி, தன் புத்தகம் என்று குறித்துவைத்தார். 1677இல் அவர் இறந்தபோது புத்தகங்களைக் கடைசி மகனுக்கு எழுதிவைத்தார். ஆனால் மற்றப் பிள்ளைகள் கேட்டால் படிக்கத் தரவேண்டும், அவர்களும் படித்ததும் திருப்பித் தரவேண்டும் என்று உயிலிலேயே நிபந்தனை. ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’தான் ஷேக்ஸ்பியரின் பெயரோடு அச்சான முதல் நூல். அதன் 1593ஆம் வருடத்து முதல் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அது இவரிடம் இருந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

நம் பொது நூலகங்கள் வீட்டு வால்யூமுக்கு ஏற்றபடி அமைந்தவை அல்ல. அதில் நூலகர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியே, வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரியில் கிளை நூலகங்கள் கிராமம்வரை வந்தன. அவற்றின் பதிவேடு ஆசிரியர், பதிப்பகம், விலை என்று கேட்கும். பதிப்பகம் இடத்தில் என்ன எழுதுவது, மைதா பசை என்றா? புரவலர் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது. தைத்தவர் பெயருக்குத்தான் இடமில்லை.

இடம் கொடுத்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை ஞானாலயா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட தனியார் ஆய்வு நூலகம். அதைச் சொல்லும்போது நிறுவனர் கிருஷ்ணமூர்த்தி பெயரோடு நிறுத்திக்கொள்வது பலருக்கும் வழக்கம். அவர் மனைவி டோரதி கிருஷ்ணமூர்த்தி என்ற பேராசிரியரின் சம்பளமும் அதில் புத்தகமாகவும் பத்திரிகையாகவும் மாறியிருக்கிறது. ஒரு வருமானத்தில் குடும்பம், இன்னொன்றில் நூலகம் என்று நடத்தச் சம்மதிப்பதும் சேகரிப்புக் கலையில் சேர்த்திதான். என் கணக்கில் அதுதான் கடினமான பகுதி. எழுத்தாளர் அம்பை மும்பையில் 1988இல் தோழியரோடு தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம் பெண்களின் குரல், படம், எழுத்து மூன்றையும் சேர்க்கிறது. வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ பழைய இதழ்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இத்தகைய இடங்களின் அருமை தெரியும்.

பரணில் இருக்கிறவை இனி ரொம்ப நாள் தாங்காது. மரக்கூழ்த் தாள்; மடித்த இடத்தில் பொடிந்துவிடுகிறது. ராமபாணப் பூச்சி பசையைத் தேடி முதுகுக்குள் இறங்குகிறது. போகிக்கு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரர் அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் தராசில் வைப்பார். உங்கள் வீட்டில் ஒன்று கிடைத்தால் புது பைண்டு போடாதீர்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக அது பழுத்துத் தாளையும் கெடுக்கும். விரித்து அழுத்தாமல், பாதி திறந்தபடியே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துவிட்டுக் காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். ஏதாவது ஆய்வு நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், தைத்தது பெரியம்மாவா பாட்டியா என்று அத்தை சித்திகளிடம் விசாரித்து, பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று உள்ளட்டையில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.