சிடி வேஷம் போட்ட மோடம்

2010 வாக்கில் இன்டர்நெட்டுக்கு டாங்கிள் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விண்டோஸில் செருகினால் ஓடும். லினக்ஸில் செருகினால் சிடி டிரைவ் என்று காட்டும். தளவாய்புரத்தில் மச்சானின் நைட்டி பட்டறைக் கம்ப்யூட்டரில் உபுண்டு ஏற்றிக் கொடுத்துவிட்டு நானும் இப்படித்தான் முழித்தேன். "பி.இ. படிச்சவன் பாத்த வேலையப் பாருங்க" என்று பேச்சு வேறு.

காப்பாற்றியது ஜோசுவா டீட்ஸே எழுதிய யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச்.

விஷயம் இதுதான். டாங்கிளுக்குள்ளேயே விண்டோஸ் டிரைவர் இருக்கும். அதை இன்ஸ்டால் செய்ய வசதியாக முதலில் சிடி வேஷம். டிரைவர் ஏறியதும் ஒரு செய்தி அனுப்பும். வேஷம் கலைந்து மோடம் ஆகிவிடும். அந்தச் செய்தியை விண்டோஸில் ஒட்டுக்கேட்டு, லினக்ஸிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பினால் போதும். பெரும்பாலும் 31 பைட்தான்.

இதைத் திருட்டு என்பவர்கள் உண்டு. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில், 1999 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(ab) பிரிவைப் படிக்கட்டும். முறைப்படி கையில் உள்ள ஒரு நிரலோடு, நாமே எழுதிய நிரல் சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைக் கண்டறியச் செய்வது மீறல் ஆகாது.

என் குறை வேறு. இதன் அமைப்புக் கோப்புகளில் மாடல் பெயர் இருக்கிறது, எண் வரிசை இருக்கிறது, அர்த்தம் இல்லை. சிலவற்றில் உள்ள 1B, சிடியை வெளியே தள்ளும் பொதுவான ஸ்கஸி கட்டளை. ஹுவாவே செய்தியில் வரும் 11 06 அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டளை. எது தரநூலில் தேடினால் கிடைக்கும், எது ஒட்டுக்கேட்டால் மட்டுமே கிடைக்கும் என்று புதிதாகப் படிப்பவனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் 'ஸ்டாண்டர்ட் எஜெக்ட்' என்று பெயர் வைத்துப் பிரித்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் பழைய எண் வரிசைகள் பல அப்படியே நின்றன.

ஓடுகிறதே, போதாதா என்பீர்கள். மச்சானுக்குப் போதும். அடுத்த மாடல் வரும்போது டிரைவர் எழுத உட்காருபவனுக்குப் போதாது. அவன் முதலிலிருந்து ஒட்டுக்கேட்க வேண்டும். எனவே நீங்கள் எதையாவது பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தால், விடையோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பைட்டை மாற்றினீர்கள், என்ன ஆயிற்று, எது வெறும் ஊகம் என்று பக்கத்திலேயே நாலு வரி எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான்.