படத்தின் கீழே ஒரு பெயர்

தமிழகத்துக்கு வெளியே உள்ள நம் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மளிகை மொத்த வியாபாரியின் அலமாரியில் பேரேட்டைவிட மலர்கள்தான் அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மலர்களில் வரும் கட்டுரைகளையும் கவிதைகளையும் பற்றிப் பேச அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது அவற்றில் அச்சாகும் புகைப்படங்களை.

எட்டு வரிக் கவிதை என்றாலும் எழுதியவர் பெயர் இருக்கும். கால் பக்க விளம்பரத்துக்கும் ரசீது உண்டு. கோபுரப் படம், ஜல்லிக்கட்டுப் படம், பழைய சிற்பத்தின் படம் இவை மட்டும் அநாதையாக நிற்கும். சில மலர்களில் கடைசிப் பக்கத்தில் "படங்கள்: இணையம், நன்றி" என்று ஒரு வரி காணலாம். இணையம் என்று ஓர் ஆள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாரா என்ன?

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வடமாநில நகரம் ஒன்றின் மலரில் முழுப்பக்க வண்ணப்படம் ஒன்று பார்த்தேன். கீழே "தமிழகத்தில் புத்தர்" என்று போட்டிருந்தது. படத்தில் இருப்பவரோ தீர்த்தங்கரர். தலைக்கு மேலே முக்குடை தெளிவாகத் தெரிகிறது. உடம்பில் ஆடையின் மடிப்பு இல்லை. அது கழுகுமலைச் சிற்பம். எடுத்தவர் ஊரும் பெயரும் போட்டுத்தான் வெளியிட்டிருப்பார். கை மாறி மாறி வரும்போது ஓரம் வெட்டுப்பட்டது, பெயர் போயிற்று, பெயரோடு ஊரும் போயிற்று. கடைசியில் சமணர் புத்தராகிவிட்டார். எடுத்தவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தத் தவறு நேர்ந்தே இருக்காது.

கழுகுமலையில் இப்படி நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தூத்துக்குடி மாவட்டத்து அந்தப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்னக் கல்வெட்டுகள், நூறு அளவில் உண்டு. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதுதான் பெரும்பாலும் செய்தி. அரசர்கள் மட்டுமா செய்வித்தார்கள்? சாதாரண ஊர்க்காரர்கள், குரவர்களின் மாணாக்கர்கள், குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். இன்று அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். உளியால் கல்லில் வெட்டுவது எவ்வளவு பாடு! அந்தப் பாட்டைப் பட்டுப் பெயரையும் ஊரையும் சேர்த்து வெட்டி வைத்தார்கள். நம் அச்சகத்தில் ஒரு வரி கோர்க்க அரை நிமிஷம் போதும். அதற்கு நமக்கு மனம் வருவதில்லை.

மலர்க்குழுத் தம்பி ஒருவர் என்னிடம் வாதம் செய்தார்: "நயினார் ஐயா, சாமி எல்லாருக்கும் பொது. மலை கவர்ன்மென்ட்டோடது. சிலை ஆயிரம் வருஷத்துப் பழசு. இதுல படம் எடுத்தவருக்கு என்ன பாத்தியதை?" நியாயமான கேள்விதான். சிற்பத்துக்கு யாரும் பாத்தியதை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் போய்ப் படம் எடுக்கலாம். ஆனால் எடுத்த படம் வேறு சரக்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பின், அவர் வாழ்நாள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை நிற்கும். நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நம்முடையது. அப்போதும் "எடுத்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரையில் எடுத்த படங்களுக்கு இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்காக ட்ரைப் பெயரையும் 1858 என்பதையும் விழுங்கிவிட வேண்டுமா?

சட்டத்தை விடுங்கள், தராசு பிடித்தவனாகச் சொல்கிறேன். அருங்கலச்செப்பு போன்ற இல்லறத்தாருக்கான சமண நூல்கள், கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்லும். கள்ள எடையும் கலப்படமும் அவற்றில் சேர்த்தி. திருடன் கொண்டுவந்த பொருளை வாங்கிக்கொள்வதும் சேர்த்தி. "நானா எடுத்தேன், வாட்ஸ்அப்பில் வந்தது, போட்டேன்" என்பவர் மூன்றாவதாகச் சொன்ன ஆள். ஓரத்தில் உள்ள பெயரை அழித்துவிட்டுப் போடுபவர் கலப்படக்காரர். கடையில் இப்படிச் செய்தால் நாலு பேர் காறித் துப்புவார்கள். மலரில் செய்தால் பொன்னாடை போர்த்துகிறோம்.

பெயர், ஊர், ஆண்டு மூன்றும் ஒட்டியிருக்கும் படம் என்ன வேலை செய்யும் என்பதை 2014-இல் பார்த்தோம். ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் கோயிலிலிருந்து திருட்டுப்போய், ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் இருந்தார்கள். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில், அந்தத் திருமேனிகள் தம் கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் கிடைத்தன. எந்தக் கோயிலில் எடுத்தது என்ற குறிப்பு ஒழுங்காக இருந்ததால் அவை சாட்சி ஆயின. சாமிகள் ஊர் திரும்பினார்கள். அந்தப் படங்களும் "நன்றி, இணையம்" என்று அலைந்திருந்தால் எந்த அதிகாரியிடம் எதைக் காட்டியிருப்பார்கள்?

படத்தில் இருக்கும் மனிதர்கள் விஷயம் தனி. ஆண்டுவிழாவில் ஆடிய நம் வீட்டுப் பெண் குழந்தையின் படம் மறு வருஷம் ஏதோ ஒரு கடையின் காலண்டரில் வந்தால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? 1994-இல், ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் நக்கீரன் வழக்கின் தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை அந்தரங்க உரிமை மீறலுக்கு உதாரணமாகவே உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. சங்கத்தில் சேரும்போது வாங்கும் படிவத்திலேயே இதற்கு ஒரு கட்டம் போட்டுச் சம்மதம் கேட்டுவிடலாம். செலவில்லாத காரியம்.

"கேட்டால் பணம் கேட்பார்களே" என்பது அடுத்த பயம. சிலர் கேட்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிற நாம் அதற்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் பலர் கேட்பதில்லை. முன்பு ஒரு கட்டுரைக்காகக் கழுகுமலைப் படம் ஒன்று தேவைப்பட்டபோது, அதை எடுத்தவரைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "பணமெல்லாம் எதுக்குங்க, மலர் ரெண்டு படி அனுப்புங்க, போதும்" என்றார். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "நீங்க கேக்குற படம் உச்சி வெயில்ல எடுத்தது. அந்த உருவத்துக்குக் கீழ ஒரு வரி எழுத்து இருக்கு, அதுல விழலை. சாய்ஞ்ச வெயில்ல எடுத்தது இன்னொண்ணு வெச்சிருக்கேன், அதை அனுப்பறேன்."

அந்த இரண்டாவது படம்தான் அச்சாயிற்று. அதில் திருமேனியைச் செய்வித்தவரின் ஊர்ப்பெயரை வாசிக்க முடிகிறது.