படத்துக்கு ஒரு நிமிஷம்

ஃப்ளை ஃபிஷிங் பத்திரிகைகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான். இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியால் பிடித்த டிரவுட் மீனை ரெண்டு கையிலும் ஏந்தி ஒருத்தர் சிரிப்பார். பின்னால் மொன்டானாவோ படகோனியாவோ. எடுத்தவர் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ் ஃபோட்டோகிராஃபர். ஊர் ஊராக அலைகிறவர்.

பிடித்த மீனை விட்டுவிடணும் என்று 1939-லேயே எழுதியவர் அமெரிக்கரான லீ வுல்ஃப். அவரும் கேமராக்காரர்தான். மீன் ஆற்றுக்குத் திரும்பியது, சாட்சியாகப் படம் வீட்டுக்கு வந்தது. நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரியுது, இல்லையா?

1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ரெயின்போ டிரவுட்டுகளைக் களைக்கும்வரை துரத்தினார்கள். தண்ணீரிலேயே விட்டவற்றில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38. ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72. ஆய்வகக் கணக்குதான், ஆற்றில் மாறலாம். ஆனாலும் "இன்னும் ஒரே ஒரு கிளிக்" என்பதன் விலை புரிகிறது.

ஃபோட்டோகிராஃபரை மட்டும் திட்டிப் பயனில்லை. சம்பளம் கிடையாது, படம் விற்றால்தான் சோறு. அட்டைக்குச் சிரிப்பும் மீனும் கேட்கிறவர்கள் எடிட்டரும் விடுதிக்காரரும்தான். ஆனால் ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் சரிசெய்தபிறகு மீனைத் தூக்கச் சொல்வதும் தொழில்திறமைதானே? அது இல்லாத படத்தை, மலை எவ்வளவு அழகா இருந்தாலும், நல்ல படம் என்று என்னால் சொல்லமுடியாது.

அடுத்தமுறை சிரிப்பைப் பார்க்காதீங்க. மீனிலிருந்து தண்ணீர் சொட்டுதா என்று பாருங்க.