பின்வெளியை நம்பிய ஆட்டம்: ஃபெர்னாண்டோ டோரஸ்

2008 ஜூன் 29, வியன்னா. யூரோ கோப்பை இறுதியாட்டத்தின் 33ஆவது நிமிடம். ஜெர்மனியின் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஸாவி ஒரு பந்தைத் தள்ளுகிறார். அந்தப் பந்தை அடையும் வாய்ப்பு பிலிப் லாமுக்குத்தான் அதிகம். அவர்தான் முன்னால் இருக்கிறார். ஆனால் ஃபெர்னாண்டோ டோரஸ் அவரைச் சுற்றிக்கொண்டு முந்துகிறார். கீழே பாய்ந்த கோல்கீப்பர் லேமனுக்கு மேலாகப் பந்தை மெல்லக் கிளப்பிவிடுகிறார். ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல். 1964க்குப் பிறகு ஸ்பெயின் வென்ற முதல் பெரிய கோப்பை அது.

டோரஸின் கலை முழுவதும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. கடைசித் தடுப்பாட்டக்காரரின் தோளையொட்டி நிற்பது, பாஸ் கொடுப்பவரின் கால் அசையும் கணத்தில் கிளம்புவது, எதிரணிக்கும் அதன் கோல்கீப்பருக்கும் இடையே கிடக்கும் வெற்றுப் புல்வெளிக்குள் முதல் ஆளாகப் போய்ச் சேர்வது. இதையே அவர் வாழ்நாள் தொழிலாகச் செய்தார். அவருடைய உச்சத்தைப் போலவே சரிவும் இந்த ஒரே முறையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். 'தன்னம்பிக்கை போய்விட்டது' என்று அவருடைய பிற்காலத்துக்குச் சொல்லப்படும் காரணம் எனக்குப் போதுமானதாக இல்லை.

இந்த முறையின் வலிமையை கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது. பின்னால் ஓடக்கூடிய ஒருவர் களத்தில் இருந்தால், எதிரணித் தற்காப்பு வரிசை பத்தடி பின்வாங்கி நிற்கும். அப்படி நிற்கையில் அதற்கும் அதன் நடுக்களத்துக்கும் இடையே ஓர் இடைவெளி திறக்கும். லிவர்பூலில் அந்த இடைவெளியில் வாழ்ந்தவர் ஸ்டீவன் ஜெரார்ட். டோரஸ் ஓடியதால் ஜெரார்டுக்கு இடம் கிடைத்தது. ஜெரார்டும் ஸாபி அலோன்ஸோவும் தலை நிமிர்ந்து பார்த்ததால் டோரஸுக்குப் பந்து கிடைத்தது. 2007-08இல், இங்கிலாந்தில் அவருடைய முதல் பருவத்திலேயே, லீகில் 24 கோல்கள். 2009 மார்ச்சில் ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூல் 4-1 என்று வென்றபோது, அந்நாளில் உலகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரான விடிச்சைத் தடுமாற வைத்து அடித்த கோலை மறக்க முடியாது. துள்ளி வந்த ஒரு நீண்ட பந்தை விடிச் அடிக்கத் தயங்கினார். அந்த அரை நொடித் தயக்கமே டோரஸுக்குப் போதுமானதாக இருந்தது.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. இந்த ஆட்டத்துக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும்: பின்னால் வெளி, அதைப் பார்த்துப் பந்து அனுப்பும் ஒருவர், முதல் மூன்றடியில் வெடித்துக் கிளம்பும் கால்கள். இவற்றுள் முதல் இரண்டும் முன்கள வீரரின் கையில் இல்லை. மூன்றாவதோ காலம் தருவது, காலமே எடுத்துக்கொள்வது.

கால்கள்தான் முதலில் தளர்ந்தன. 2010இல் மட்டும் முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள். அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்காவில் ஸ்பெயின் உலகக்கோப்பையை வென்றபோது டோரஸ் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதே அணியில் டேவிட் வியா ஐந்து அடித்தார். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டோரஸின் எல்லை தெரியும். பத்துப் பேர் அடைத்துக்கொண்டு நிற்கும் பெனால்டி பகுதிக்கு இடப்பக்கத்திலிருந்து நுழைந்து, ஓர் அடி இடம் கிடைத்தாலும் சுட்டுவிடுவார் வியா. டோரஸுக்கு அந்த நெரிசல் ஒவ்வாது. கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கும்போது அவருடைய முதல் தொடுகை பல நேரம் கைவிட்டுப் போனது. ஓட இடமிருந்த காலத்தில் இந்தக் குறையை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதற்குள் அலோன்ஸோ மாட்ரிட் போய்விட்டார். பயிற்சியாளர் பெனிட்டெஸும் விலகிவிட்டார். 2011 ஜனவரியின் கடைசி நாளில் செல்சி 5 கோடி பவுண்டு கொடுத்து டோரஸை வாங்கியது. அன்றைக்கு அது பிரிட்டனின் சாதனைத் தொகை. மூன்று மாதங்களுக்கு முன்பு, 2010 நவம்பரில், ஆன்ஃபீல்டில் இதே செல்சிக்கு எதிராக டோரஸ் இரண்டு கோல் அடித்திருந்தார். அப்போது செல்சி நடப்புச் சாம்பியன். பந்தை வைத்துக்கொண்டு முன்னேறி ஆடும் அணி. அப்படி ஆடும் அணியின் முதுகுப்புறம் திறந்தே கிடக்கும். டோரஸுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் செல்சியின் சட்டையைப் போட்டதும் அவர் எதிர்கொண்டதெல்லாம் செல்சிக்கு அஞ்சித் தம் பெட்டிக்குள் பதுங்கிய அணிகளை. எந்த வெளிக்காக அவரை வாங்கினார்களோ அந்த வெளியையே செல்சியின் பலம் இல்லாமல் செய்துவிட்டது. முதல் கோலுக்கு ஏப்ரல் 23 வரை, 903 நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை உடலால் முட்டித் திறக்க திதியே துரோக்பா இருந்தார். டோரஸ் அந்த வகை ஆளே இல்லை. அந்தத் தேர்வைச் செய்த நிர்வாகத்தைவிட, அதற்குப் பலியான ஆட்டக்காரர் அதிகம் ஏச்சு வாங்கினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதைச் சொல்லிவிட்டு அவரை முழுவதுமாக விடுவித்துவிடவும் முடியாது. 2011 செப்டம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில், கோல்கீப்பர் டி கேயாவைத் தாண்டி, ஆளில்லாத கோலுக்கு வெளியே பந்தை அடித்தார். அங்கே வெளிக்கும் பாஸுக்கும் பஞ்சமில்லை. அதே ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்திருந்தார் என்பது அந்தத் தவறை இன்னும் விளங்காததாக ஆக்குகிறது. மேலும், வேகம் குறைந்த பிறகு ஆட்டத்தை மாற்றிக்கொண்ட முன்கள வீரர்கள் பலர் உண்டு. ராவுலுக்கு வேகம் எப்போதுமே முதல் ஆயுதமாக இருந்ததில்லை. 33 வயதில் ஷால்கே போய், சற்றுப் பின்னிறங்கி நின்று மற்றவர்களை ஆட வைத்தார். டோரஸோ 26 வயதிலேயே அந்த மாற்றத்துக்குத் தள்ளப்பட்டவர். அதைச் செய்ய வேண்டிய தொடுகை நுட்பம் அவரிடம் முழுமையாக இருக்கவில்லை.

ஆனாலும் வெளி கிடைத்த இடத்தில் பழைய டோரஸ் எழுந்து வந்தார். 2012 ஏப்ரல் 24, கேம்ப் நோ. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. டெரி வெளியேற்றப்பட்டு பத்துப் பேரோடு செல்சி தாக்குப்பிடிக்கிறது. பார்சிலோனா மொத்தமாக முன்னேறி நிற்கிறது. கூடுதல் நிமிடத்தில் செல்சி வெளியேற்றிய பந்து டோரஸின் காலுக்கு வருகிறது. முன்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறது. ஓடி, வால்தேஸைச் சுற்றிப் போய் கோல் அடித்தார். அவ்வளவு தூரம் தனியே ஓடும்போது யோசிப்பதற்கு நேரம் ஏராளம். நம்பிக்கை இழந்தவர் என்றால் அங்கேதான் கால் பின்னியிருக்க வேண்டும். சில வாரங்களில் யூரோ 2012இல் வெறும் 189 நிமிடங்கள் ஆடி மூன்று கோல்களும் ஓர் உதவியும் செய்து தங்கக் காலணி வாங்கினார். இறுதியாட்டத்தில் காயத்தால் பத்துப் பேராகக் குறைந்து களைத்திருந்த இத்தாலிக்கு எதிரே மாற்று ஆளாக வந்து கோல் அடித்ததைச் சிலர் மலிவாகப் பேசினார்கள். களைத்த தற்காப்புக்குப் பின்னால் திறக்கும் வெளியைப் பயன்படுத்தவும் ஒரு திறமை வேண்டும். இரண்டு யூரோ இறுதியாட்டங்களில் கோல் அடித்த முதல் ஆள் அவர்தான்.

2015இல் தன் சொந்தக் கிளப்பான அத்லெத்திகோ மாட்ரிட்டுக்குத் திரும்பினார். இரண்டாம் பிரிவில் கிடந்த அந்த அணிக்கு 17 வயதில் ஆட வந்து, 19 வயதில் தலைவரானவர் அவர். வரவேற்க விசென்ட்டே கால்டெரான் மைதானத்தில் சுமார் 45,000 பேர் திரண்டார்கள். சிமியோனேயின் அணி பின்னால் நின்று தடுத்து, திடீரென்று பாயும் அணி. டோரஸின் முறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. வந்த அதே மாதம் பெர்னபேவுவில் ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல்கள். வெளி மறுபடி கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கடக்கும் கால்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 2018இல் யூரோப்பா லீக் கோப்பையோடு விடைபெற்று, மறு ஆண்டு ஜப்பானில் சகன் தோசு அணியில் ஆட்டத்தை முடித்தார்.

ஸ்பெயினுக்கு 110 ஆட்டங்களில் 38 கோல்கள், ஓர் உலகக்கோப்பை, இரண்டு யூரோ கோப்பைகள். இவ்வளவு வென்ற ஒருவரை 'வீணான 5 கோடி' என்று நினைவில் வைத்திருப்பது அநியாயம். அவர் தந்ததை அந்தத் தொகையால் அளப்பதை விட்டுவிட்டு, ஜெரார்டுக்கு முன்னால் ஓடிய அந்த மூன்றரை ஆண்டுகளின் ஆட்டங்களை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். அவர் பந்தைத் தொடாத நிமிடங்களில் எதிரணி எங்கே நின்றது என்பதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.