ஆறுமணிக்குருவியின் வர்ணங்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் வீதியிலுள்ள நாவுல பிரதேசத்து நிழல் செறிந்த தோட்டங்களில், ஐப்பசி வாக்கில் இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து பறந்துவந்து சித்திரை வரை விருந்தாளியாய்த் தங்கும் ஆறுமணிக்குருவியைக் கண்ணாரக் கண்டவர்க்கு, வர்ணங்களைத் தேடித் தூரதேச வனங்களுக்கு யாத்திரை போகும் ஆசை சற்றே தணிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பசிய முதுகு, பழுப்புமஞ்சள் மார்பு, கண்ணையொட்டிக் கரிய பட்டை, சிறகில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை அலங்காரத்தோடு அது சருகு கிளறிப் புழு தேடும் எளிமைதான் என்னே!

அந்த நீலத்தில் நீலச்சாயம் ஏதுமில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டுச் சிதறும் ஒளியே நீலமாய்த் தோன்றுகிறது. ஆகவே படம்பிடிப்பவருக்கு வெளிச்சமே பிரதானம். உச்சிவெயிலில் வெளிறிப்போகும் வர்ணங்கள், காலையின் சாய்ந்த ஒளியில், தரையோடு தரையாய்ப் படுத்துக் குருவியின் கண்மட்டத்துக்குக் கமராவைத் தாழ்த்திக் காத்திருப்பவருக்குத் தம் பூரண சோபையைக் காட்டும். 1955இல் வெளியான தமது இலங்கைப் பறவை நூலுக்குத் தாமே சித்திரம் தீட்டிய ஜி. எம். ஹென்றியின் தூரிகைக்கும் இத்தகைய பொறுமையே ஆதாரமாயிருந்திருக்கும்.

அன்பர்களே, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அப்பறவையை ஏமாற்றி அழைக்காதீர்கள். அந்தியிலும் விடியலிலும் அது தானே குரல் கொடுக்கும்.