செய்தி வந்த நேரம்: காந்தியடிகள் மறைவு குறித்த நினைவுக்கூற்றுகளும் கையறுநிலை மரபும்

தன்வரலாறு, நேர்காணல், நினைவுக்குறிப்பு ஆகிய வடிவங்களில் இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் விட்டுச்சென்ற பதிவுகளில் ஒரு கூற்று மீண்டும் மீண்டும் இடம்பெறக் காண்கிறோம். காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது நான் இன்ன இடத்தில் இன்னது செய்துகொண்டிருந்தேன் என்பதே அது. 1948 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணியளவில் புதுதில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் நிகழ்ந்த அக்கொலையைக் கண்ணால் கண்டவர் சில நூற்றுவரே. செய்தியாகக் கேட்டவர் கோடிக்கணக்கானோர். இக்கூற்று கொலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. சொல்பவரைப் பற்றியே சொல்கிறது. அதனால் வரலாற்றாசிரியர் இதனைப் புறந்தள்ளுகின்றனர். இலக்கிய ஆய்வாளரோ உருக்கமான பகுதி என்று பாராட்டிவிட்டு மேற்செல்கின்றனர். இவ்விரு போக்குகளும் பொருந்தா. இக்கூற்றினைக் கையறுநிலையின் இக்கால வடிவமாகப் படிக்க இடமுண்டு. அவ்வாறு படித்தாலும் நாளும் நேரமும் கொண்டு அதனைச் சோதிக்கும் கடமை ஆய்வாளருக்கு நீங்கிவிடாது.

தொல்காப்பியர் காஞ்சித் திணையில் வைத்த கையறுநிலை இறந்தவரின் புகழைப் பாடுவதோடு நிற்பதில்லை; இருப்பவர் தம் நிலையை உரைப்பதும் அதன் உயிர்ப்பகுதியாகும். பாரிமகளிர் பாடியதாக வழங்கும் புறநானூற்று 112ஆம் பாட்டில் பாரி எவ்வாறு இறந்தான் என்னும் செய்தி இல்லை. அன்றைய நிலவில் தாம் பெற்றிருந்தவையும் இன்றைய நிலவில் இழந்தவையுமே உள்ளன. குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தனை எண்ணிப் பாடிய 242ஆம் பாட்டில் கண்முன் பூத்திருக்கும் முல்லையே பேச்சுக்குப் பொருளாகிறது. சாவு நிகழ்ந்த களத்தை விட்டுவிட்டுத் தாம் நின்ற இடத்தையும் பொழுதையும் கொண்டே இழப்பை அளப்பது தமிழ்க் கவிதைக்குப் பழகிய நெறி எனலாம். ‘அப்போது நான் எங்கிருந்தேன்’ என்ற கூற்று நாளிதழும் வானொலியும் தந்த புதுப்பழக்கம் என்று கருதுவோர் இதனை நோக்க வேண்டும்.

எனினும் சங்கப் புலவர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு தன்வரலாற்றாசிரியருக்கு உண்டு. அவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதுகிறார். இத்தகைய நினைவு ஒளிப்படக் கருவியின் மின்னொளி பட்டதுபோல அப்படியே பதிந்துவிடுகிறது என்ற கருத்தினை அமெரிக்க உளவியலாளர் பிரௌனும் குலிக்கும் 1977இல் முன்வைத்தனர். கென்னடி கொலை (1963) பற்றிய நினைவுகளே அவர்கள் ஆய்வுக்கு முதன்மையான தரவுகள். இதனை மறுத்தவர்களுள் உல்ரிக் நைசர் தலையாயவர். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையிலேயே அவரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுத்துவழி விடை பெற்றுவைத்தனர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் 44 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டபோது, 11 பேரின் விடை முதல் விடையோடு எக்கூறிலும் பொருந்தவில்லை. அவர்கள் தயக்கமின்றி உறுதியோடு விடையளித்ததுதான் வியப்பு.

நைசரின் சொந்த நினைவு இதனினும் பயனுடையது. 1941 டிசம்பர் 7 அன்று வானொலியில் பேஸ்பால் ஆட்ட வருணனை கேட்டுக்கொண்டிருந்தபோது பேர்ள் துறைமுகத் தாக்குதல் செய்தி குறுக்கிட்டதாக அவர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். டிசம்பரில் அவ்வாட்டம் நடைபெறுவதில்லை என்பது பின்னரே அவருக்கு உறைத்தது. வேறு ஆய்வாளர் தேடிப் பார்த்தபோது, பேஸ்பால் அணிகளின் பெயரையே கொண்ட இரு கால்பந்து அணிகளின் ஆட்டம் அன்று ஒலிபரப்பானது தெரியவந்தது. நினைவு முழுப்பொய்யும் இல்லை. பெயரொற்றுமையால் ஆட்டம் மட்டும் மாறியிருந்தது.

இச்சோதனையைத் தமிழ்ச்சூழலில் நன்கு அறியப்பட்ட ஒரு நினைவின்மீது செலுத்திப் பார்க்கலாம். எம்.எஸ்.சுப்புலட்சுமி திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையின் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது காந்தியடிகள் மறைந்த செய்தி அறிவிக்கப்பட்டது என்றும், தொடர்ந்து அவர்தம் குரலிலேயே ‘ஹரி தும் ஹரோ’ என்னும் மீரா பாடல் ஒலித்தது என்றும், அவர் மயங்கி விழுந்தார் என்றும் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்க 1947இல் அவர் பிறந்தநாளையொட்டிப் பதிவான பாடல் அது. கதை மிகப் பொருத்தமாக அமைந்திருப்பதே ஐயத்திற்கு இடந்தரும். ஆயின் பஞ்சாங்கம் வேறு சொல்கிறது. ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் நிகழ்வது. அவ்வாண்டு முழுநிலவு ஜனவரி 26; ஆகவே ஐந்தாம் திதி 30, 31 ஆகிய நாள்களைத் தழுவியே வரும். நைசரின் பேஸ்பால் தோற்ற இடத்தில் இந்நினைவு தேறிவிடுகிறது. நிகழ்ச்சிகளின் வரிசையும் மயக்கமும் பஞ்சாங்கத்தால் மெய்ப்பிக்கத்தக்கன அல்ல என்பது உண்மையே. ஆயினும் அடித்தளம் உறுதியானது என்று துணிந்து கூறலாம்.

இனி, வானொலி பற்றி. விடுதலை பெற்றபோது இந்திய ஒன்றியத்தில் அகில இந்திய வானொலிக்கு இருந்த நிலையங்கள் ஆறு. அவற்றுள் சென்னையும் திருச்சிராப்பள்ளியும் தமிழர்க்கு உரியன. நாடு முழுவதும் ஏற்பிப் பெட்டிகள் ஏறத்தாழ 2,75,000. பெரும்பாலான ஊர்களில் பெட்டி இருந்தால் அது ஒரு செல்வர் வீட்டில்தான் இருந்திருக்கும். சென்னையில் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் இருந்தன. சிற்றூர்களில் அதுவும் இல்லை. எனவே ‘வானொலியில் கேட்டேன்’ என்று ஒருவர் கூறும்போது, அவரிடம் கேட்கவேண்டிய அடுத்த வினா ‘யார் வீட்டு வானொலி?’ என்பதாகும். அவ்வினாவுக்கு வரும் விடையில் தெரு, சாதி, திண்ணைவரை வரலாமா உள்ளே வரலாமா என்ற வழக்கம் எல்லாம் வெளிப்படும். செய்தியைத் தந்த மனிதர் காலப்போக்கில் மறக்கப்பட்டு அவர் இடத்தில் பெட்டி வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு. சேலஞ்சர் ஆய்விலும் நண்பர் வாயிலாகக் கேட்டவர் சிலர், பின்னர்த் தொலைக்காட்சியில் கண்டதாகவே எழுதினர்.

விளக்குப் படிமத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஜனவரி இறுதியில் சென்னையில் ஞாயிறு மறைவது மாலை ஆறு மணியைச் சற்றுக் கடந்து. செய்தி பரவத் தொடங்கியது விளக்கேற்றும் பொழுது. அன்று தெருவில் எவரும் விளக்கேற்றவில்லை என்று ஒருவர் எழுதினால் அது நடந்ததாகவே இருக்கலாம். அன்றிரவு நேரு ஆற்றிய வானொலி உரை, ஒளி அணைந்ததாகக் கூறி உலகறிந்த உரையாகிவிட்டது. அவ்வுரையின் உருவகம் பின்னோக்கிச் சென்று தெருவிளக்குகளை அணைத்திருக்கவும் கூடும். எது முந்தியது என்பதை உரைக்கு முன் எழுதப்பட்ட கடிதமோ நாட்குறிப்போ கிடைத்தாலன்றித் தீர்மானித்தல் அரிது.

புனைவிலக்கியம் இம்மாலைப்பொழுதை இருவகையாகக் கையாண்டுள்ளது. ஆர்.கே.நாராயணின் ‘வெய்ட்டிங் ஃபார் தி மகாத்மா’ (1955) என்னும் ஆங்கில நாவல் ஸ்ரீராமையும் பாரதியையும் தில்லிக்கே கொண்டுசென்று பிர்லா மாளிகையில் நிறுத்தி முடிகிறது. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) திரைப்படமும் சாகேத் ராமை அதே தோட்டத்திற்குக் கொண்டுசெல்கிறது. நிகழ்விடத்தில் இல்லாமற்போன கோடிக்கணக்கானோரின் மனக்குறையைப் புனைவு இவ்வாறு ஈடுசெய்கிறது. நாடகச்சுவை மிகுந்த தீர்வு; ஆயின் எளிய தீர்வு என்றே எனக்குப் படுகிறது.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) இவ்வழியில் செல்லவில்லை. சந்திரசேகரன் செகந்தராபாத்தில் இருக்கிறான். காந்தி மறைந்த செய்தி அவனிருக்கும் இடத்திற்கே வந்துசேர்கிறது. தலைப்பே இடத்தைக் குறிக்கும் ஒரு கோடு. 1948 ஜனவரியில் அவன் நின்ற மண் இந்திய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று. நிஜாமின் ஆட்சி செப்டம்பர் மாத இராணுவ நடவடிக்கைவரை நீடித்தது. அங்கு ஒலித்த தக்காண வானொலியும் நிஜாமுடையது. எல்லைக்கு வெளியே நிற்கும் தமிழிளைஞன் ஒருவன் எந்த நாட்டின் இழப்பிற்காக வருந்துகிறான் என்னும் வினா நாவலில் உரக்க எழுப்பப்படுவதில்லை. தன்மையும் படர்க்கையும் மாறிமாறி வரும் கூற்றுமுறையில் அது உள்ளோடிக் கிடக்கிறது. ‘நான் அங்கே இருந்தேன்’ என்பதும் ‘அவன் அங்கே இருந்தான்’ என்பதும் ஒருவனைப் பற்றியே பேசுவதால், நினைவுகூர்பவனும் நினைவுகூரப்படுபவனும் ஒருவரல்லர் என்ற உண்மை வாசகனுக்குப் புலனாகிறது. நம் தன்வரலாறுகளில் பலவற்றில் இந்த இடைவெளி காணப்படுவதில்லை. புதுச்சேரி, காரைக்கால் தமிழரும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தனர். ‘தேசியத் துயரம்’ என்ற தொடரை அந்நாளுக்குப் பொருத்துவோர் இவ்விடங்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

எழுதப்படாத நினைவுகளும் உண்டு. கொன்றவன் யார் என்பது தெளிவாகும் வரை பலரை ஆட்கொண்டது அச்சமே. தெரிந்தபின் மகாராட்டிரத்தில் பூனா, சாத்தாரா, கோலாப்பூர்ப் பகுதிகளில் பிராமணர் வீடுகள் எரிக்கப்பட்டன. அங்கே ‘எங்கிருந்தேன்’ என்ற வினாவுக்கு ‘எங்கே ஒளிந்திருந்தேன்’ என்பது விடையாகும். மறுபுறம், ஆர்.எஸ்.எஸ். அமைப்பினர் மகிழ்ச்சி தெரிவித்து இனிப்பு வழங்கினர் என்று வல்லபபாய் பட்டேல் 1948 செப்டம்பரில் கோல்வல்கருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். இனிப்பு உண்டவர் அதனைத் தன்வரலாற்றில் எழுதமாட்டார். அழுதவர்களின் நினைவுகளை மட்டும் தொகுத்து, நாடே அழுதது என்று முடிவு காட்டும் கட்டுரைகள் நம்மிடையே பெருகியுள்ளன. கையறுநிலைப் பாடல்களில் வென்றவர் முரசும் கேட்கிறது என்பதைப் பாரிமகளிர் பாட்டே உணர்த்தும்.

அன்று பத்து வயதினராயிருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். தமிழ்த்துறைகள், குறிப்பாகத் தமிழகத்திற்கு வெளியே இயங்கும் துறைகள், தத்தம் நகரத்து முதிய தமிழரிடம் இந்நினைவுகளைத் திரட்ட இன்னும் சிறிது காலமே உள்ளது. வினாநிரலில் ‘எங்கிருந்தீர்கள்’ என்பதோடு ‘யார் சொன்னார்’, ‘நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்’, ‘அன்றிரவு வீட்டில் அடுப்பு எரிந்ததா’ என்பனவும் இடம்பெறுதல் நலம். அதே வினாக்களை ஓராண்டு கழித்து மீண்டும் கேட்டு, இரு விடைகளையும் திருத்தாமல் அருகருகே அச்சிட வேண்டும்.