யார் பெயரில் எண்?

கையைச் சுட்டுக்கொண்டு ஆயிரம் பிரதி அச்சடித்து, பரணில் அடுக்கிவைத்த ஆசிரியர்கள் உண்டு. கேட்டபோது ஒரே ஒரு பிரதி அச்சிடும் சேவைகள் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டன. நல்லதுதான். ஆனால் சேவையைத் தேர்ந்தெடுப்பவர்கள் விலையையும் வழவழப்பான அட்டையையும்தான் பார்க்கிறார்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். யார் பெயரில் இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். அமேசானின் கே.டி.பி. இலவசமாகத் தரும் எண்ணை வேறிடத்தில் உபயோகிக்க முடியாது. இந்தியாவிலோ, ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய ஐ.எஸ்.பி.என். அமைப்பு ஆசிரியருக்கே இலவசமாக எண் தருகிறது. அதைப் பெற்றவர் பிடிக்காத சேவையை விட்டு அதே எண்ணோடு விலகலாம். எண்ணுக்கென்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பணத்தைப் புரூப் பார்ப்பவருக்குக் கொடுப்பதே மேல். பிழை மலிந்த கையெழுத்துப் பிரதியையும் இயந்திரம் அப்படியே அச்சிட்டுவிடும், வேண்டாமென்று சொல்லாது.